செவ்வாய்க்கிழமைப் பாதப் பரிசோதனை

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். சர்க்கரை நோயாளிகளுக்காக எங்கள் ஆஸ்பத்திரியில் நான் தொடங்கிய பாதப் பரிசோதனைக்கு இருநூறு பேர் பதிந்தார்கள். வருவது பதினொரு பேர். இப்படியே போனால் மாதக் கடைசியில் மூடிவிடுவார்களாம். சர்க்கரை உள்ள நீயும் மூன்று வாரமாக வரவில்லை. டாக்டரின் சொந்த அக்காவே அலட்சியமாக இருந்தால் மற்றவர்களை எந்த முகத்தோடு கேட்பேன்?

உன் தம்பி

மார்ச் 7

என் டாக்டர் தம்பிக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன், பிறகு திட்டுகிறேன்.

அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். என் கடைக்குப் பொத்தான் வாங்க வந்தவர்களில் உன் நோயாளிகள் ஆறேழு பேரை விசாரித்தேன். "செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு வேலைய விட்டுட்டு வந்தா முதலாளி சும்மா விடுவாரா?" என்கிறார் ஒருவர். தையல்காரம்மா சொன்னது இன்னும் மோசம். "அந்த ரூமுக்குக் கண்ணாடிக் கதவுங்க. வெடிச்ச கால ஹாலே வேடிக்கை பாக்குது." நர்ஸம்மா ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினாராம், விதிமுறையில் இல்லை என்று நீ அவிழ்க்கச் சொன்னாயாம். திட்டம் போடும்போது மேலதிகாரிகளைக் கேட்டாய், நர்ஸம்மாவை ஒரு வார்த்தை கேட்டாயா? சரக்கு போகவில்லை என்று வாங்க வந்தவரைத் திட்டினால் நான் எப்போதோ கடையைச் சாத்தியிருப்பேன்.

இன்னொன்று. கோபப்படாதே. எனக்குச் செவ்வாய்தான் சரக்கு இறங்கும் நாள். இடது கால் சுண்டுவிரலில் இருபது நாளாகப் புண். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நானே துணி சுற்றிக்கொண்டேன். வலியே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்கா

மார்ச் 8

அக்கா,

இதைக் கொண்டுவரும் வண்டியிலேயே ஏறி வா. பதில் எழுதிக்கொண்டிருக்காதே.

தம்பி

மார்ச் 27

தம்பிக்கு,

விரல்தான் போனது, கால் தப்பியது. அதற்குப் போய் நீ வார்டில் நின்று அழுதது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரி, "டாக்டருக்கே ஏதாவது வியாதியா?" என்று என்னைக் கேட்டாள்.

நேரத்தை மாலை ஆறு மணிக்கு மாற்றியதும் போன வாரம் உட்கார இடமில்லையாமே! தையல்காரம்மா சொன்னார். மூடுகிற பேச்சையே காணோமாம். திரைத்துணியை நர்ஸம்மாவையே பார்த்து வாங்கச் சொன்னாயாம். சந்தோஷம்.

இன்று நானும் வருகிறேன். டோக்கன் எடுத்து வரிசையில் உட்காருவேன். அக்கா என்று முன்னால் கூப்பிட்டு மானத்தை வாங்காதே. என் காலை மட்டும் நீ பார்க்க வேண்டாம், நர்ஸம்மா பார்க்கட்டும். நீ பார்த்தால் மறுபடியும் அழுதுவிடுவாய்.

அக்கா