ஒச்சாயி அத்தையின் பவுடர் டப்பி

ஆரப்பாளையம், மதுரை.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பவதாரிணிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், அப்பாவின் சர்க்கரையும் எங்களோடு சேர்ந்து சுகமாகத்தான் இருக்கிறது. நீ அங்கே லீட்ஸில் எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் பதினாறு நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் இந்தப் பெட்டிக்குள் தாளும் வருகிறது. பார்சலை வாங்கினால் கடிதத்தையும் வாங்கித்தானே ஆக வேண்டும். பட்டுத்துணியில் சுற்றியிருப்பதைப் பிரிக்காமல் முதலில் இதைப் படி. பிரித்திருப்பாய், எனக்குத் தெரியும்.

உனக்குப் பிடித்த பையன் என்று வீடியோவில் நீ காட்டிய அருண்பாண்டியை நான் குறை சொன்னதற்குத்தான் இந்தக் கோபம். ஒல்லிக்குச்சி என்றேன், முன்நெற்றி இப்போதே ஏறிவிட்டது என்றேன், ஓட்டல் அடுப்படி வேலை ஒரு வேலையா என்றேன். சொன்னேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. சரி, மகளைச் சமாதானப்படுத்த என்ன செய்யலாம் என்று யோசித்தபோது உன் பவுடர் டப்பிப் பைத்தியம் ஞாபகம் வந்தது. அந்த ஊர்ச் சந்தைகளில் பொறுக்கிப் பத்தொன்பது பழைய டப்பி சேர்த்தாய், ரயிலில் போகும்போதுகூட ஒன்றைத் திறந்து முகம் பார்ப்பாய், அப்படியும் அத்தையிடம் இருக்கிற நீல மூடிப் பித்தளை டப்பியை மட்டும் நீ கேட்டுக்கொண்டே இருப்பாயே. மூடியில் இரண்டு வெள்ளைப் பறவை, உள்ளே கண்ணாடி, பவுடருக்கு மேல் மெல்லிய வலை. தல்லாகுளத்தில் ஒரு டாக்டரம்மா வீட்டில் ஒச்சாயி அத்தை வேலை பார்த்தபோது, அந்த அம்மா ஊரைவிட்டுப் போகையில் கொடுத்துவிட்டுப் போனது. அத்தை அதில் பவுடர் போட்டதே இல்லை. பாண்டி கோயில் திருநீறுதான். வலை வழியாக அது சலித்த மாவாக இறங்கும், கண்ணாடியைப் பார்த்து நெற்றியில் ஒற்றிக்கொண்டால் அத்தைக்கு அன்றைய அலங்காரம் முடிந்தது.

உடனே பஸ் ஏறிக் கீழக்குயில்குடிக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் என் தொழில் புத்தி முந்திக்கொண்டது. பழைய பாத்திரம் எடுக்கிற கடையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள், பிடித்த சாமானைப் பிடித்திருக்கிறது என்று வாய் திறந்து சொல்வேனா. கையில் எடுத்து, முகத்தைச் சுளித்து, "என்ன மதினி, இந்தத் தகரத்தையா இன்னும் வச்சிருக்கீக, கண்ணாடியில ரசம் போச்சு, மூடி இளிக்குது, ஓரமெல்லாம் களிம்பு, இது நெத்தியில பட்டா புண்ணுல்ல வரும்" என்றேன். அத்தை முகம் சுருங்கிப்போனது. பேரம் கனிகிறது என்று நினைத்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் போய், சும்மாதானே கிடக்கிறது கொடுங்கள் என்று வாங்கி வந்துவிடலாம் என்று கணக்கு.

வியாழக்கிழமை போனால் திருநீறு ஒரு ஊறுகாய் டப்பாவில் இருக்கிறது. எங்கே அது என்று கேட்டேன். "நீதானத்தா புண்ணு வரும்னு சொன்ன, பழைய இரும்பு வண்டி வந்துச்சு, ஓட்டக் குக்கரோட சேத்துப் போட்டு ரெண்டு முறம் வாங்கிட்டேன், நல்லாருக்கா பாரு" என்று பிளாஸ்டிக் முறத்தை என் கையில் கொடுத்தாள். விஷயம் கேட்டு உன் அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நல்லவேளை, அந்த வண்டிக்காரன் நம் காளைதான், வாங்கும் பித்தளையை நம் கடையில்தான் போடுவான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே அவன் மனைவி கனகா அந்த டப்பியைத் திறந்துவைத்து முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம், "என்ன கனகா, இந்த ஓட்ட டப்பியிலயா" என்று ஆரம்பித்துவிட்டேன். காளை சிரித்தான். "அக்கா, நீங்க குறை சொன்னா சாமான் ஒசத்தின்னு ஆரப்பாளையத்துக்கே தெரியும்" என்றான். கனகா டப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அதற்குமேல் எனக்குப் பேரம் பேச வரவில்லை. "எம் மக எங்கூடப் பேசி ரெண்டு வாரமாச்சு கனகா, அவளுக்கு இதுமேல உசுரு, எனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு, குடு ஆத்தா" என்றேன். முந்தானையால் துடைத்துக் கொடுத்துவிட்டாள். சும்மா கொடுத்தாள் என்று நினைக்காதே, மறுநாள் கடைக்கு வந்து இருப்பதிலேயே கனமான இட்லிக் கொப்பரையைத் தூக்கிப் போனாள். நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

அத்தையிடம் போய் உள்ளதைச் சொன்னேன். "கூறுகெட்டவளே, எம் மருமகளுக்கு ஆசையா இருக்குன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மடியில கட்டி அனுப்பியிருப்பேனே" என்று வாசலில் வைத்தே திட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு வீடியோவில், நீ பேசிக்கொண்டிருக்க, பின்னால் அந்தப் பையன் உன் டப்பி ஒன்றின் மூடிக் கீலை நாக்கைக் கடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டிருந்தான். பேசி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. அப்போதே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. பிடித்ததால்தான் அத்தனை குறை சொன்னேன். என் பேச்சைக் கேட்டு நீயும் அவனை வண்டியில் போட்டுவிடாதே தாயி, இங்கே முறம் போதுமான அளவு இருக்கிறது.

டப்பியைப் புளி போட்டு விளக்கக் கை அரித்தது, நீ சத்தம் போடுவாய் என்று விளக்கவில்லை. கீல் கொஞ்சம் ஆடுகிறது, அவனிடம் கொடு. அத்தைக்கு உன்னிடம் இருப்பதில் வலை கிழியாத ஒன்றை மறக்காமல் அனுப்பு, சென்ட் வாசம் இருக்கக் கூடாதாம். மேலே ஒட்டியிருப்பது கனகாவின் பவுடர், வலைக்கு அடியில் அத்தையின் திருநீறு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஊதித் தள்ளிவிடாமல் உன் நெற்றியில் வைத்துக்கொள், அந்த ஏறின நெற்றியிலும் ஒரு கீற்று வைத்துவிடு, அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. பாண்டி முனி உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். இது உன் கைக்கு வந்த ராத்திரியும் போன் அடிப்பேன், எடு.

உன் வாய் அடங்காத அம்மா,
பாண்டீஸ்வரி