கேப்டன் கட்டவிருந்த பாய்மரப் பள்ளிக்கூடம்

என் செல்லம் சின்னுவுக்கு அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா இருப்பீங்கன்னு நம்பித்தான் பேனாவை எடுத்தேன், இல்லைன்னாலும் நீ வாயைத் திறந்து சொல்லவா போறே. இங்க நாங்களும் சௌக்கியம்தான், அப்பாவோட முதுகையும் என் ஆபீஸையும் கழிச்சுட்டுப் பார்த்தா. ரிட்டயர் ஆனதும் அப்பா சமையலறையைக் கைப்பத்திட்டார். எல்லா டப்பாவுக்கும் பேர் எழுதி ஒட்டியிருக்கார், ஆனா வெளிய எழுதியிருக்கிறது ஒண்ணு, உள்ள இருக்கிறது ஒண்ணு. கேட்டா மோந்து பாரேன்ங்கிறார். சமையல் நல்லாத்தான் இருக்கு, அதை அவர்கிட்ட சொல்லிடாதே, அப்புறம் தலைகால் புரியாது.

கட்டடம் வரையுற எங்க கம்பெனியோட செய்திப் பக்கத்தைப் படிச்சுட்டு உங்க முதலாளி பெரிய ஆள்தாம்மா, ஒரு பக்கம் படகு விடுறார், ஒரு பக்கம் பள்ளிக்கூடம் கட்டுறார்னு எழுதியிருந்தே. படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்தப் பக்கத்துல வராததை எல்லாம் இப்ப நான் எழுதுறேன், மாப்பிள்ளைக்கும் படிச்சுக் காட்டு. எங்க முதலாளிக்கு வருஷத்துக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும்னு உனக்குத் தெரியும். முன்னாடி தியானம். ஆபீஸே கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்தோம், ரெண்டு பேர் குறட்டை விட்டோம், அதுல ஒருத்தி நான். அதுக்கப்புறம் பாய்மரப் படகு. ஒரு வெள்ளைத் தொப்பியை வாங்கி மாட்டிக்கிட்டார், நாங்க கேப்டன்னு பேர் வச்சோம், அதை மரியாதைன்னு நினைச்சுக்கிட்டார். லீவு நாள்ல எல்லாரும் ஏரிக்கு வரணும், சேர்ந்து படகு விட்டா மனசு ஒண்ணாகுமாம். படகோட போயிருந்தா பரவாயில்லை, வரையுற கட்டடத்துக்குள்ளேயும் படகு ஏறிடுச்சு. சின்னக் குழந்தைங்க படிக்கிற ஒரு பள்ளிக்கூடம், அதுக்கு நான் ஓட்டுக் கூரை, நல்லா நீட்டின தாழ்வாரம், நிழலுக்கு மரம்னு வரைஞ்சு வச்சிருந்தேன். கேப்டன் பார்த்துட்டு இது கோழிக்கூடு மாதிரி இருக்குன்னார். அவர் வரைஞ்சது பாய் விரிச்ச மாதிரி மேற்குப் பக்கம் சாயற கண்ணாடிக் கூரை. மீட்டிங்ல எல்லாரும் கை தட்டினாங்க. நான் தனியா அவர் ரூமுக்குப் போய் மத்தியான வெயில் நேரா உள்ள இறங்கும் சார்னு சொன்னேன். ஏசி போட்டுப்பாங்கன்னார். ஃபேனுக்கே வழியில்லாத பள்ளிக்கூடம் அது.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை சரின்னு கையெழுத்துப் போடணுமே, அதுக்காக அந்தம்மாவையும் ஏரிக்கு வரச் சொல்லிட்டார், பாயை நேர்ல பார்த்தா மயங்கிடுவாங்களாம். ஒரு படகுல கேப்டன், அந்தம்மா, நான், போட்டோ எடுக்க ரிசப்ஷன் பொண்ணு. துடுப்பு வேண்டாம், போட்டோவுல அசிங்கமா தெரியும்னு கரையிலேயே போட்டுட்டார். நடு ஏரிக்குப் போனதும் காத்து நின்னுடுச்சு. சுத்தமா நின்னுடுச்சு. இப்ப வரும் பாருங்கன்னார் கேப்டன். அது வர்றதா இல்லை. பாய் துவைச்சுப் போட்ட துண்டு மாதிரி தொங்குது, அதோட நிழல் முழுக்கத் தண்ணி மேல விழுது, எங்க மேல ஒரு பொட்டு விழலை. அந்த நிலைமையிலயும் மனுஷன் கூரையோட அழகைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தார், மூக்கு தக்காளி மாதிரி சிவந்தது கூடத் தெரியாம. அந்தம்மா அதிகம் பேசுற ஆள் இல்லை. கைக்குட்டையைத் தலையில போட்டுக்கிட்டு அவரையே பார்த்தாங்க, அப்புறம் அவரை விட்டுட்டு என் பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்க, இந்தக் கூரைக்குக் கீழ மத்தியானம் எங்க குழந்தைங்க தூங்குமான்னு கேட்டாங்க. கேப்டன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே. ரிட்டயர் ஆகிற வரைக்கும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இரும்மான்னு நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. வந்தும் என்ன, தூங்காதுங்க, வெந்துடும்னு வாயில வந்துடுச்சு.

கேப்டன் கரையைப் பார்த்துத் தொப்பியை ஆட்டினார். ஏரிக் காவலாளி மோட்டார் படகைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துட்டுப் போனார். கரையில நின்ன நம்ம ஆளுங்க இதுவும் நிகழ்ச்சியில ஒண்ணுன்னு நினைச்சுக் கை தட்டினாங்க. மறுநாள்ல இருந்து எனக்கு அம்மை போட்ட மாதிரி ஆபீஸ்ல எல்லாரும் ஒதுங்கிப் போனாங்க. அடுத்த மீட்டிங்ல கேப்டன் எழுந்து, தண்ணி மேல இருந்தப்போ எனக்கு ஒண்ணு தோணுச்சு, குழந்தைங்களுக்குத் தேவை நிழல்னார். திரையில வந்தது என் படம். அதே ஓடு, அதே தாழ்வாரம், மரம் கூட நான் வச்ச இடத்துலேயே. பேர் மட்டும் புதுசு, நிழல் துறைமுகமாம்! எனக்கு என்ன வேலைன்னா, உங்க அனுபவத்துக்குப் பொருத்தமா இருக்கும்னு சொல்லி அந்தப் பள்ளிக்கூடத்துக் கக்கூஸை வரையக் குடுத்தார். வீட்டுக்கு வந்து நான் கத்தின கத்துல அப்பா அடுப்பை அணைச்சுட்டு வந்து உட்கார்ந்தார். விட்டுட்டு வந்துடேன், நான்தான் சமைக்கிறேனேன்னார்.

விட்டுடலாம்னுதான் இருந்தேன். கடைசியா அளவு மட்டும் எடுத்துக் குடுத்துடலாம்னு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பழைய கக்கூஸ்ல குழாய் என் நெஞ்சு உயரத்துல இருக்கு, ஆயா தூக்கிப் பிடிச்சாத்தான் குழந்தைக்குக் கை எட்டும். ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு வாண்டு, மூக்கு ஒழுகிக்கிட்டு என் டேப்பையே பார்த்துட்டு நின்னுச்சு. இவ பகல் முழுக்கத் தண்ணியே குடிக்க மாட்டா, குடிச்சா அங்க போகணும், போனா யாரையாவது தூக்கச் சொல்லிக் கேட்கணுமேன்னு தலைமையாசிரியை சொன்னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு சின்னு. அன்னைக்குச் சாயங்காலமே உட்கார்ந்து வரைஞ்சேன், குழாய், தொட்டி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் அந்த வாண்டோட உயரத்துக்கு. கேப்டன் அதுல பாதி இடத்தை வெட்டி, மேல ஏறி நின்னு வேடிக்கை பார்க்க ஒரு மேடை போடலாம்னார். நான் எல்லார் முன்னாடியும் எழுந்து, இதுல ஒரு கோடு அழிச்சீங்கன்னா நான் நேரா தலைமையாசிரியைகிட்டப் போய், எந்தப் படம் யார் வரைஞ்சதுன்னு ஆதியில இருந்து சொல்லிடுவேன்னு சொன்னேன். கேப்டன் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார். சரி சரி, குழந்தைங்கன்னா எனக்கும் உயிர்தானேன்னார்.

போன வாரம் திறப்பு விழா. கேப்டன் ரிப்பனை வெட்டிட்டு கடல், காத்து, கனவுன்னு பேச ஆரம்பிச்சார். அந்த ரெட்டைப் பின்னல் யார்கிட்டயும் கேட்காம நாற்காலிகளுக்கு நடுவுல புகுந்து புதுக் கக்கூஸுக்குள்ள போச்சு. தண்ணி சத்தம் கேட்டுச்சு. நின்னுச்சு. மறுபடியும் கேட்டுச்சு. முன்வரிசையில உட்கார்ந்திருந்த குழந்தைங்க ஒண்ணொண்ணா எழுந்து அந்தப் பக்கம் ஓட ஆரம்பிச்சுது, அதுங்களைப் பிடிக்க டீச்சருங்க ஓடினாங்க, டீச்சருங்க பின்னாடி நான் போனேன். உள்ள எல்லாக் குழாயும் திறந்திருக்கு, ஒருத்தரையும் யாரும் தூக்கலை. வெளிய கேப்டன் காலி நாற்காலிங்களைப் பார்த்துக் காத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தார்.

நீ நல்லா இருக்கணும், போற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கணும், மாப்பிள்ளைக்கும் எங்க ஆசீர்வாதம். தலைவலின்னு சொல்லிக்கிட்டே இருக்கியே, கண் டாக்டர்கிட்டப் போனியா இல்லையா, போயிட்டு வந்து எனக்குப் போன் பண்ணு.

என்றும் உன் நினைப்பாவே இருக்கிற,
அம்மா