அணிந்துரைக்கு ஏற்ற முடிவு

ஜூலை 2, வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டு வரவில்லை. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி. கெலுகோர் முழுக்க இப்படித்தானாம், கீழ்வீட்டு மலாய் அம்மா சொன்னார்.

இன்று: மூன்று வாளி தண்ணீர். மீன் வாங்கவில்லை. விழா மலருக்குத் தன்விவரம்.

என் 25-வது நாவல் வெளியீடு என்பதால் எழுத்தாளர் சங்கம் கேட்கிறது. “எழுத்துப் பயணத்தின் மைல்கற்கள்.” ஒரு பக்கத்துக்குள். அவர்களுக்கு ஒன்று எழுதிக் கொடுத்தாயிற்று. நடந்தது நடந்தபடி இங்கே:

– முதல் கதை, ஞாயிறு பத்திரிகையில். வயது 22. தொழிற்சாலை விடுதியில் மேல்கட்டிலில் குப்புறப்படுத்து எழுதியது. அறையில் இருந்த நாலு பேரும் சத்தம் போட்டுப் படித்துச் சிரித்தார்கள், அப்புறம் அழுதார்கள். அதுதான் பரிசு. மற்றதெல்லாம் கேடயம், அலமாரியில் தூசி.

– முதல் நாவல். கல்யாணமான வருடம். அட்டையில் மங்களா தேவராசு. தேவராசு ஆசைப்பட்டார், போட்டேன்.

– 9-வது. அதில் நாயகன் மனைவிக்குத் தலை பின்னிவிடுவான். பெண்கள் கடிதமாய்க் குவித்தார்கள், இப்படி ஒரு புருஷன் கிடைக்க வேண்டுமே என்று. அந்த அத்தியாயம் எழுதிய வாரம் என் உதட்டில் தையல்.

– 12-வது. நான் இரண்டு பையோடு வீட்டை விட்டு வந்த வருடம். கதையில் நாயகி புருஷனிடமே திரும்பிப் போகிறாள். சிறந்த குடும்ப நாவல் என்று பரிசு. மேடையில் “திருமதி” போட்டுக் கூப்பிட்டார்கள். போய் வாங்கிக்கொண்டேன்.

– 13 முதல் 24 வரை. எல்லாரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். வேறென்ன.

25-ல்தான் பொய் இல்லை. ‘இங்கே நிறுத்துங்கள்’. தொழிற்சாலை சூப்பர்வைசர் சாந்தி, கை நீட்டுகிற கணவன். கடைசியில் படகுத்துறையில் காரை நிறுத்தச் சொல்லி, பையோடு இறங்கி, ஃபெரியில் ஏறிப் போய்விடுகிறாள். அவ்வளவுதான். அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் நாலு மாதம். எழுதி முடித்த அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஜூலை 4, சனி

வெயில். பஸ்ஸில் ஏர்கான் இல்லை. பட்டணத்தில் மணியம் அச்சகம். முப்பது வருடமாக என் புத்தகங்களை அடிப்பவன், தம்பி மாதிரி. அணிந்துரை வந்துவிட்டது என்று வரச்சொல்லியிருந்தான்.

எழுதியவர் சங்கத் தலைவர். வயது எண்பது. இங்கே அவர் அணிந்துரை இல்லாமல் எந்தப் புத்தகமும் மேடை ஏறாது. நாலு பக்கம், நல்ல தமிழ். மூன்றாம் பக்கத்தில்:

“பிரிய நினைத்த சாந்தி, இறுதியில் கணவனின் கரம்பற்றி இல்லம் திரும்பும் காட்சி நம் கண்களைப் பனிக்கச் செய்கிறது.”

இரண்டு தடவை படித்தேன். எந்தச் சாந்தி?

மணியத்தைக் கேட்டால் தலையைச் சொறிகிறான். ஐயாவுக்குக் கண் சரியில்லை என்று முதல் மூன்று அத்தியாயம் மட்டும்தான் அனுப்பினானாம். மிச்சத்தை அவரே முடித்துக்கொண்டார்.

திருத்தச் சொல் என்றேன். பேனரை விரித்துக் காட்டினான். அந்த வரி பெரிய எழுத்தில், என் படத்துக்குக் கீழே. அழைப்பிதழிலும் அதே வரி, முந்தாநாளே தபாலில் போயாயிற்று.

“தலைவர்கிட்ட போயி, ஐயா நீங்க படிக்காம எழுதிட்டீங்கன்னு யாருக்கா சொல்றது? நான் சொல்லமாட்டேன்லா.”

அப்புறம் கோப்பி ஓ வரவழைத்தான். நான் பாதி குடிக்கும்வரை பொறுத்திருந்து மெதுவாகச் சொன்னான்.

“அதே காடி, அதே பேக்கு. ஃபெரி ஜெட்டியில நிறுத்தாம கோயில் முன்னால நிறுத்தட்டும். ஒரு சாப்டர்தானேக்கா. தலைப்புக்கும் சரியாத்தான் இருக்கும்.”

எழுந்து வந்துவிட்டேன். குடையை அங்கேயே விட்டாயிற்று. சனியன்.

ஜூலை 7, செவ்வாய்

நேற்று முழுக்க மழை. துணி காயவில்லை, வீடெல்லாம் மக்கல் வாடை. முழங்கால் வலி.

பத்து மணிக்குத் தலைவருக்குப் போன் போட்டேன். நலம் விசாரித்தார், சர்க்கரை, கண் ஆபரேஷன், மருமகள். கால் மணி நேரம். பிறகு எப்படியோ கேட்டேவிட்டேன். ஐயா, கதையை முழுசாகப் படித்தீர்களா?

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபமே இல்லை, சிரிக்கிறார்.

“நாப்பது வருஷமா ஒங்களப் படிக்கிறேன்மா. ஒங்க கதை எப்படி முடியும்னு எனக்குத் தெரியாதா?”

இந்த முறை அப்படி முடியவில்லை ஐயா என்றேன். அப்படியானால் அவசரப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், நிதானமாக யோசியுங்கள், நம் பெண்பிள்ளைகள் படிக்கிற புத்தகம் என்றார். விழாவன்று ‘குடும்ப நாவல் திலகம்’ பட்டமும் உண்டு, யாரிடமும் சொல்லவேண்டாம் என்றார். சரிங்க ஐயா என்று வைத்துவிட்டேன்.

படிக்காமல் எழுதினாரே என்று திட்டலாம். ஆனால் இருபத்துநாலு தடவை அந்த மனுஷன் சொன்னபடிதானே முடித்திருக்கிறேன். இருபத்தைந்தாவதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றப்போகிறது? இதுதான் வயிற்றெரிச்சல்.

மத்தியானம் சாப்பிடவில்லை. ரொட்டி, அதுவும் பூசணம்.

ஜூலை 8, புதன்

மணியம் போன். சனிக்கிழமைக்குள் ஒன்று சொல்லுங்கக்கா, மெஷின் காலியாக நிற்கிறது.

அணிந்துரையே வேண்டாம் என்று சொன்னால்? தலைவர் வரமாட்டார். தலைவர் வராவிட்டால் சங்கம் வராது. மண்டபம் அவர்களுடையது. இத்தனை வருடம் என் கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவர் கூப்பிட்டு வந்தவர்கள். 61 வயதில் காலி நாற்காலிகள் முன்னால் நின்று பேச எனக்குப் பயம். பட்டத்தின் மேலும் ஆசைதான், மறைப்பானேன். இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள்.

நாளை: மின்சார பில். குடை. பல்வலி மருந்து.

ஜூலை 11, சனி

மேகமூட்டம்.

காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தேன். பதினொன்றரைக்கு முடிந்தது. நாலு மாத வேலையை அழித்து எழுத இரண்டரை மணி நேரம். கை தானாக ஓடியது, வெட்கக்கேடு. கார் கோயில் முன்னால் நிற்கிறது. அவன் இறங்கி மல்லிகைச்சரம் வாங்கி வருகிறான். “என்னை மன்னிச்சிடு சாந்தி” என்கிறான். அவள் பை பின்சீட்டிலேயே இருக்கிறது.

அவன் மன்னிப்புக் கேட்கிற இடத்தில் எனக்கே கண் கலங்கியது. என்னிடம் ஒருத்தரும் சொல்லாத வார்த்தை, எழுத மட்டும் எவ்வளவு நன்றாக வருகிறது. தூ.

அனுப்பிவிட்டேன். மணியம் பதில்: சூப்பர்க்கா. மூன்று கைகூப்பு.

ஜூலை 26, ஞாயிறு

வெயில், காற்றில்லை. விழா இரண்டு மணிக்கு. தொடங்கியது மூன்றே கால்.

மண்டபம் நிறைந்திருந்தது. பின்னால் நின்றுகொண்டும் ஆட்கள். பொன்னாடை மூன்று, மாலை ஒன்று, பட்டம். தலைவர் அந்த வரியை மனப்பாடமாகச் சொன்னார், கைதட்டல். நானும் தட்டினேன்.

தேநீர் நேரம். கையெழுத்து மேசையில் கூட்டம் குறைந்த பிறகு ஒருத்தி வந்தாள். ஊர் சுங்கை பாக்காப், பெயர் பரமேஸ்வரி, முப்பத்தைந்து இருக்கும். அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டை. பள்ளியில் படிவம் ஐந்திலிருந்து என் கதைகளைப் படிக்கிறாளாம். பத்தாவது நாவலின் பெயரைத்தான் மகளுக்கு வைத்திருக்கிறாள்.

புத்தகத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தை எடுத்தாள். “நான் எப்பவும் முடிவத்தான் மொதல்ல படிப்பேன்க்கா,” என்று சொல்லிவிட்டு நின்றபடியே படித்தாள். உதடு அசைந்தது. நான் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

படித்து முடித்துப் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தாள். குனிந்து சொன்னாள்.

“போன மாசமே ஒரு பேக்கு கட்டி வேல எடத்துல லாக்கர்ல வச்சிட்டேன்க்கா. பட்டர்வொர்த்ல சித்தி வீடு இருக்கு. அழைப்பிதழ்ல சாந்தி வீட்டுக்குத் திரும்பிட்டான்னு போட்டிருந்துச்சு. இருந்தாலும் அது தலைவரு எழுதுனது, அக்கா என்னா எழுதியிருக்காங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம்னு இருந்தேன்.”

ஏதோ சொல்ல எழுந்தேன். பின்னாலேயே மணியம், படம் எடுக்க வேண்டும், தலைவர் காத்திருக்கிறார், வாங்கக்கா என்று. ஒரு நிமிடம் என்றேன். அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். இது நான் எழுதிய முடிவு இல்லை, போ, இன்றைக்கே போ என்று சொல்ல ஒரு நிமிடம் தாராளம். தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.

அவள் முகம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது, நிம்மதிதான் அது.

“அந்த பேக்க நாளைக்கே வீட்டுக்குக் கொண்டாந்துடறேன்க்கா. அவரு வெளிய காடியில இருக்காரு, சீக்கிரம் போவணும். ரெண்டு பேரு பேரும் போட்டுக் குடுங்க.”

கணவர் பெயரைக் கேட்டேன். சொன்னாள். இரண்டு பெயரையும் எழுதி, கீழே வாழ்த்துகளுடன் என்று போட்டுக் கொடுத்தேன்.