சம்மதம் கேட்ட மகளுக்கு

அய்யா துணை.

அன்பு மகள் அஸ்வதிக்கு அம்மா எழுதுவது. அய்யா புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம். தாய்லாந்தில், அந்தச் சியாங்மாயில், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. கீரிப்பாறைத் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோனதால் அப்பா பகல் முழுக்க வீட்டில்தான், அவரைச் சமாளிப்பதே எனக்குப் பெரிய வேலை. போனில் பேசினால் நான் அழுவேன், நீ பயந்து பேச்சை மாற்றுவாய், அதனால்தான் கடுதாசி.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுப் புத்த மடத்தில் பிக்குணியாகப் போகிறேன், பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் மடத்தில் சேர்க்கமாட்டார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். தரமாட்டேன் என்றால் காரியம் முடிந்ததே. பெரிய அத்தை தாணம்மாள் கருங்கல் ஊரில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தாள், அந்த வீட்டுக்கு அன்றைக்கே பேச ஆள் விட்டேன். நான் கொடுத்தனுப்பிய ஏத்தவாழைக்காய் வற்றலை நீ எல்லோருக்கும் கொடுத்துவிட்டாய் என்றும் சண்டை போட்டேன். ஒன்று தின்றேன் அம்மா, மனசு இன்னொன்று கேட்டது, அந்தக் கேட்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், தானாக அடங்கிற்று என்றாய். வற்றலைத் தின்னாமல் பார்ப்பதற்கு ஒரு மடமா, இங்கே சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லோரும் அதைத்தானே செய்கிறோம் என்றேன்.

சொன்னேனே தவிர அந்தப் பேச்சு என்னை விடவில்லை. போன வாரம் நம் பலாவில் வருக்கைச் சக்கை பழுத்து வீடெல்லாம் மணத்தது. அப்பா சுளை எடுத்து வைத்துவிட்டு வெளியே போனார். டாக்டர் தொடக்கூடாது என்றிருக்கிறார், ஆனாலும் கை தானாக நீண்டது. சரி, பிள்ளை சொன்னதைச் செய்து பார்ப்போம் என்று கையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். வாயில் நீர் ஊறுகிறது, நெஞ்சு பரபரக்கிறது, ஒரு சுளைதானே என்று உள்ளே ஒருத்தி வக்கீல் மாதிரி வாதாடுகிறாள். மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே அலுத்துப்போயிற்று. சுளை இருந்தது, ஆசையைக் காணோம். ஆசை வந்தால் தீர்க்கவேண்டும், முடியாவிட்டால் அடக்கவேண்டும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன், சும்மா பார்க்கலாம் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அந்தத் தெம்பில், நீ போகக்கூடாது என்கிற எண்ணத்தையும் பார்த்தேன். அது சக்கை மாதிரிப் போகவில்லை மக்கா. அய்யாவின் நிழல்தாங்கலில், சாமி இடத்தில் இருக்கும் கண்ணாடி முன்னால் கும்பிட்டு நிற்கும்போதும் கூடவே நின்றது. பார்க்கப் பார்க்க அதற்குள் பல இருப்பது தெரிந்தது. உன் கல்யாணத்தில் நான் பட்டுக் கட்டி நிற்கவேண்டும், பேரப்பிள்ளை வேண்டும், கடைசிக் காலத்தில் நீ பக்கத்தில் இருக்கவேண்டும். எல்லாம் எனக்கு, எனக்கு. ஒவ்வொன்றும் வந்து பேசிவிட்டுப் போயிற்று. நீ நன்றாக இருக்கவேண்டும் என்பது மட்டும் போகவில்லை. அதை உங்கள் மடத்தில் எதில் சேர்ப்பார்களோ தெரியாது, நான் விடப்போவதும் இல்லை.

பிள்ளையை விடுவோம் என்று அப்பாவிடம் சொன்னேன்.  அவ நம்மகிட்ட கேட்டா பாத்தியா, கேக்காம போயிருந்தா நாம என்ன செய்திருப்போம், போட்டும் என்றார். சொல்லிவிட்டு முகம் கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. கருங்கல்லுக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். பெத்த பிள்ளைய மடத்துக்கு விட ஒனக்கென்ன கிறுக்காட்டி என்று கேட்ட அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். ஆசை இல்லாமல் இருக்கவேண்டும் என்பதும் ஆசைதானே. யார்மேலாவது கோபப்பட்டோ எதற்காவது பயந்தோ போகிறாயா என்று அதையும் ஒருமுறை உட்கார்ந்து பார். போன பிறகு ஒத்துவரவில்லை என்றாலும் வெட்கப்படாமல் வீட்டுக்கு வா, யாரும் ஒன்றும் கேட்கமாட்டோம்.

எங்கள் இருவருக்கும் சம்மதம். தலை மழிக்கும் அன்று முதல் கற்றையை அம்மாதான் கத்தரித்துத் தாமரை இலையில் வைக்கவேண்டும் என்றாயே, நான் வருகிறேன், பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டாயிற்று. அதுவரை தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. அய்யா உன்னை எப்போதும் காக்கட்டும். கத்தரித்ததில் கொஞ்சம் எனக்கு வேண்டும் என்று மனசு இப்போதே கேட்கிறது. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா,
சுயம்புகனி