நாற்காலி பண்ணின வேலை

குட்டிம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முட்டிவலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்னுச்சா?

எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கேன்னு பதறாதே, இடது கையால எழுதறேன். சலவைக்கூடத்துல மதியம் சாப்பிட்டுட்டு, நாற்காலி முதுகுமேல வலது கையைத் தொங்கப் போட்டுத் தூங்கிட்டேன். எழுந்தா மணிக்கட்டு நிமிரவே மாட்டேங்குது, இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியல. மேல்கை எலும்பை ஒட்டிச் சுத்திப் போற நரம்பு அழுந்திடுச்சாம். அறுந்து போகல, சில வாரத்துல சரியாகிடும்னு டாக்டர் மணிக்கட்டைத் தாங்க ஒரு பட்டை கட்டிவிட்டார்.

"பொண்டாட்டி உங்க கைமேல தலைவச்சுத் தூங்கினாங்களா? அப்படியும் வரும்"னு கேட்டார். "அவ ஊர்ல இருக்கா, இது நாற்காலி பண்ணின வேலை"ன்னேன். சிரிச்சுட்டார். எனக்கு நம்ம முதல் பஸ் பயணம் ஞாபகம் வந்துச்சு. ஆறு மணி நேரம் இதே கைமேல சாஞ்சு தூங்கினே. மரத்துப்போயும் நான் அசைக்கல. அன்னிக்கு இந்த நரம்புக்கு ஒண்ணும் ஆகலையே!

பட்டைக்கு அடியில வைக்க மெத்துன்னு துணி வேணும். உன் தலையணை உறை ஒண்ணு அனுப்பு.

மேஸ்திரி கூப்பிடறார், ஓடணும். உறையைத் துவைச்சுடாதே. துவைச்ச துணி இங்கே மலையாக் கிடக்கு.