எதிர்மாடிப் பறவைக்கு எத்தனை எம்.எம்.?

மார்ச் 2

என் அண்ணன் பெற்ற அறிவுக்கடலே, உடைந்த லென்ஸுக்கெல்லாம் உயிர் கொடுக்கும் மருத்துவச்சியே,

நலம். உன் சித்தியும் நலம். என்னை நிம்மதியாக இருக்கவிடாத அளவுக்கு நலம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் சித்தி கேட்பாள். கேட்டால் சிரிப்பாள். அவள் சிரித்தால் லிஃப்ட் நின்றுவிடுகிறது.

விஷயம் இதுதான். எதிரே உயரத்தில் ஒரு பறவை தினமும் வந்து உட்காருகிறது. அந்த இனத்தில் உலகத்துக்கே அது ஒன்றுதான் பாக்கி. என் கையில் இருக்கிற லென்ஸில் அது மிளகு மாதிரித் தெரிகிறது. ஆகவே நிலாவில் எறும்பு ஊர்ந்தால் கால் எண்ணுகிற மாதிரி ஒரு பீரங்கி லென்ஸைச் சொல். ஆயிரத்து இருநூறு எம்.எம். போதுமா, கூட வேண்டுமா?

அவசரம். மாதக் கடைசியில் அது வலசை போகிறதாம். எதிர்க் கட்டடக் காவலாளி சொன்னார். பறவை விஷயத்தில் அவர் கரைகண்டவர்.

இப்படிக்கு,
பறவையுலகின் கடைசி நம்பிக்கை,
சித்தப்பா

மார்ச் 9

அன்புள்ள சித்தப்பா,

கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். எதிரே இருந்தவர், "என்னம்மா, எதுக்கு இப்படிச் சிரிக்கிறே?" என்று கேட்டார். "குடும்ப விஷயம்" என்றேன்.

ஆயிரத்து இருநூறைத் தூக்க உங்களுக்கு இன்னும் இரண்டு சித்தப்பா வேண்டும். அறுநூறிலேயே, கூட்டவோ குறைக்கவோ முடியாத நிலையான லென்ஸ் உண்டு. கூர்மையில் அதை அடிக்க ஆளில்லை, ஆனால் கைக்குழந்தை எடை. நானூறு லேசு, எட்டாது. உங்களுக்கு நூற்றைம்பதிலிருந்து அறுநூறு வரை போகும் ஜூம்தான் தோது. முதலில் நூற்றைம்பதில் வைத்துப் பறவையைக் கண்டுபிடியுங்கள்; பிறகு மெல்லக் கூட்டுங்கள். எடுத்தவுடன் அறுநூறுக்குப் போனால் வெறும் வானம்தான் தெரியும். அகப்பட்டாலும் அரைகுறையாகத்தான் விழும்.

முடிவாகச் சொல்லுமுன் மூன்று கேள்வி. எவ்வளவு தூரம்? எத்தனை மணி வெளிச்சம்? பறவை என்ன அளவு?

அன்புடன்,
உங்கள் வாலு

மார்ச் 14

வாலே,

தூரம்: அறுபது அடி. அளந்தது காவலாளி, காலடியால். நேரம்: காலை ஆறரை, தவறாது. கடிகாரம் அதைப் பார்த்துத்தான் ஓடுகிறது.

அளவு என்றாயே, அதைத்தான் தயங்குகிறேன். கொஞ்சம் பெரிய இனம். உச்சந்தலையில் இறகு கிடையாது; இரண்டு காதோரமும் வெள்ளைக் குஞ்சம். வந்ததும் தொண்டையைச் செருமும். அந்தச் சத்தத்தில் புறாக்கள் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோகும். பிறகு கீழே பார்க்கும், மேலே பார்க்கும். என் பால்கனி மட்டும் அதன் கண்ணில் படவே படாது. இந்தத் திறமை வேறெந்தப் பறவைக்கும் இல்லை.

பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து நீண்டுவிட்டது. சித்தி நேற்று, "கொக்கு மாதிரி நின்னது போதும், சாப்பிட வாங்க" என்றாள். சீக்கிரம் பதில் போடு.

நீள்கழுத்துச் சித்தப்பா

மார்ச் 18

சித்தப்பா,

உங்கள் பறவை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்குமே, அதை ஏன் எழுதவில்லை? வலசைக்கு டிக்கெட் போட்டதே நான்தான். முப்பதாம் தேதி அப்பா வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே என்னோடு வந்துவிடுகிறார்.

நாலு வருஷமாக நீங்கள் இருவரும் பேசாததற்கு நானும் ஒரு காரணம். "வெளி ஆள் எதுக்கு, உன் கல்யாணத்துக்கு நான் எடுக்கிறேன் படம்" என்று நீங்கள் மார்தட்டியபோது தலையாட்டியவள் நான். இருநூற்றுப் பன்னிரண்டு படம். எல்லாவற்றிலும் அப்பா கழுத்தோடு சரி. குள்ளமான மாப்பிள்ளையைப் பார்த்து மட்டம் பிடித்தால் உயரமான மாமனார் என்ன ஆவார் என்று நீங்கள் யோசிக்கவில்லை. என் வீட்டுக் கூடத்தில் மாட்டிய கல்யாணப் படத்தில் இன்றைக்கும் என் பக்கத்தில் ஒரு நீலக் கோட்டு நிற்கிறது. வருகிறவர்கள், "இது யாரு?" என்கிறார்கள்.

நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை; "தலை எதுக்கு, கோட்டுதான் புதுசு" என்று ஜோக் அடித்தீர்கள். அப்பாவுக்கு வலித்தது அதுதான்.

என் சொந்த ஜூமை அனுப்பிவிட்டேன். உங்கள் முகவரிக்கு இல்லை, அப்பா முகவரிக்கு. போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாலு

மார்ச் 27

என் குலம் காக்க வந்த சதிகாரியே,

நாலு மாடி. லிஃப்ட் இருந்தும் படியேறினேன். நேரம் கிடைக்குமே என்று. கதவு திறந்தது. நாலு வருஷம் கழித்து உன் அப்பா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "செருப்ப வெளிய விடு."

நான் சேர்த்துவைத்திருந்த ஜோக் அத்தனையும் அந்த வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டன. "தப்புதாண்ணே" என்றேன். அவர் பார்சலை நீட்டி, "உக்காரு" என்றார்.

உட்கார்ந்ததும் படம் எடுக்கப் பார்த்தேன். லென்ஸ் முன்னும் பின்னும் முனகியது. உன் அப்பா பனிமூட்டமாகவே இருந்தார். ஒன்பது அடிக்குள் இருப்பது அதற்குத் தெரியாதாமே! அதை நீ எழுதவேயில்லை. அவர் லென்ஸைக் கையால் ஒதுக்கினார்.

"கிட்ட இருந்தா உனக்கு எதுவும் தெரியாதுடா. உன் வீட்டுக்கே போய் அங்கிருந்து எடு. தலை இருக்கணும்."

ஓடினேன். நான் ஓடிய வேகத்தில் காவலாளியின் தொப்பி என் பின்னாலேயே பாதித் தெரு வந்தது. ஜன்னலில் உன் அப்பா தலைவாரி நின்றார்; வார எதுவும் இல்லையென்றாலும். நாலு வருஷத்தில் முதல்முறையாக என் பால்கனியைப் பார்த்தார். கண்ணில் நீர் வந்ததால் ஜூமைப் பற்றி நீ சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. அறுநூறில் வைத்து அமுக்கிவிட்டேன்.

படம் இத்துடன் இருக்கிறது. தலை உண்டு, குஞ்சம் உண்டு, முறைப்பு உண்டு. காலருக்குக் கீழே ஒன்றுமில்லை.

கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "உடம்பு எங்கடா?" என்றார். இந்தத் தடவை நான் ஜோக் அடிக்கவில்லை, கவனி. திடீரென்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். இந்தப் பக்கம் சித்தி சிரித்தால் லிஃப்ட் நிற்குமே, அந்தப் பக்கம் மின்சாரமே நின்றுவிட்டது.

"சரி, பெரிசாப் போட்டு அனுப்பு. அந்த நீலக் கோட்டுக்கு மேல மாட்டச் சொல்லு. ஆள் முழுசாயிடும்" என்றார்.

முப்பதாம் தேதி அவரை வண்டி ஏற்றிவிடுகிறேன். சாவியை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்.

உன்,
சித்தப்பா

பி.கு.: ஆணி அடிக்கும்போது மட்டம் பார்த்து அடி. தலைக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டாயானால் அந்தப் பழியும் என் மேல்தான் விழும்.