கிளறக் கூடாத கரி

நவம்பர் 9, 2015
வீட்டைச் சூடேற்றும் அடுப்பு மறுபடியும் அணைந்துவிட்டது. மேல்கோட்டோடு உட்கார்ந்து சூப் குடித்தேன். எங்கள் சுரங்கத்தை மூடியபின், ஓய்வுபெற்றவர்களுக்கான பங்குக் கரி வேறெங்கிருந்தோ வருகிறது. பார்க்கப் பளபளவென்று நன்றாகத்தான் இருக்கிறது. என் மனைவி ஹெய்ட்லா ஏப்ரலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் கரி வெட்டுவேன், அவள் எரிப்பாள். எங்கள் குடித்தனம் அப்படி.

நவம்பர் 15
மகள் பெர்னதெத்தா ஜெர்மனியிலிருந்து பேசினாள். என் இருமலைக் கேட்டுவிட்டாள். டிசம்பர் நாலாம் தேதி, சுரங்கக்காரர்களைக் காக்கும் புனித பார்பராவின் திருநாளுக்கு வருவாளாம். அன்றைக்கும் வீடு குளிர்ந்து கிடந்தால் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாளாம். அங்கே நான் யாரோடு பேசுவது? சரி, இங்கே மட்டும் யாரோடு பேசுகிறேன்? இருந்தாலும் ஹெய்ட்லாவின் கல்லறை இங்கேதானே இருக்கிறது. போக மாட்டேன்.

நவம்பர் 16
அணைந்தது.

நவம்பர் 21
மாடிவீட்டு ராயிசா, தொன்பாஸ் கரிச்சுரங்கப் பகுதியில் நடக்கும் சண்டைக்குத் தப்பி வந்தவள், சாம்பல் கொட்டுமிடத்தில் என் வாளியை எட்டிப் பார்த்தாள். பாதி எரியாத கரி. "கிளறினீங்களா அண்ணே?"

கிளறாமல்? எங்கள் கரி சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும், மேலே ஓடு கட்டும். கம்பியால் குத்தி உடைத்தால்தான் காற்று போகும். ஹெய்ட்லா நாள் முழுக்க அதைத்தான் செய்வாள்.

"இது எங்க ஊர்க் கரி மாதிரி. பசை கிடையாது, உருகாது. குத்தினா கீழ விழுந்து செத்துப்போகும். விறகு நிறைய வச்சு மூட்டுங்க, கீழ்க்கதவைத் திறந்து விடுங்க, அப்புறம் கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

கரியைப் பற்றி எனக்கே பாடமா! கோபத்தில் நன்றிகூடச் சொல்லவில்லை.

நவம்பர் 22
அவள் சொன்னபடி மூட்டினேன். புகையே இல்லை. மெல்லப் பிடித்தது. பொறுக்க முடியாமல் ஒரு குத்து குத்திவிட்டேன். போச்சு.

நவம்பர் 29
கம்பியை நிலவறையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். அடுப்பு நின்று எரிகிறது. வெறும் சட்டையோடு இருக்கிறேன். ஆனால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கம்பிச் சத்தம்தான் அவள் வீட்டில் இருக்கிறாள் என்பதற்கு அடையாளம் — அழுதுவிட்டேன். ராயிசாவுக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டிசம்பர் 4
காலையில் திருநாள் ஊர்வலத்தில், வாத்தியக்காரர்களின் பின்னால் சுரங்கக்காரர்களின் இறகுத் தொப்பியோடு நானும் நடந்தேன். மதியம் பெர்னதெத்தா வந்தாள். கோட்டைக் கழற்றினாள். அடுப்பின் வெளிப்புறப் பீங்கான் ஓட்டில் கை வைத்துப் பார்த்தாள்.

"கம்பி எங்கப்பா? அம்மா கிளறிக்கிட்டே இருப்பாளே."

"இது வேற கரிம்மா. தொட்டா செத்துப்போகும்."

காரைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. சாயங்காலம் தனியாகவே கிளம்பினாள்.

அவள் போனபிறகு நிலவறைக்குப் போய்க் கம்பியை எடுத்துவந்தேன். அடுப்பின் இரும்புக் கதவை வெளியிலிருந்தே இரண்டு தட்டு தட்டினேன். உள்ளே நெருப்பு அசையவில்லை. இன்னும் இரண்டு தட்டு தட்டினேன்.